ஆலை பெற்ற வீட்டுப் பண்டம்

உறைந்த பெர்ரிப் பழங்களைச் சர்க்கரையோடு மிதமான தீயில் வைத்தால் பத்து நிமிடத்தில் சாறு விட்டுவிடும். அதைத் துணியில் வடிகட்டி, குளிர்ந்த நீரில் ஊறிய ஜெலட்டினைச் சூட்டோடு சூடாகக் கரைத்து, கிண்ணங்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் நாலைந்து மணி நேரம் வைத்தால் ஜெல்லி தயார். அரை லிட்டர் சாற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் ஜெலட்டின் போதும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைச் செய்து பரிமாறுகிறவர்கள் ‘வீட்டிலேயே செய்தது’ என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் ஏறும். பாக்கெட் ஜெல்லியில் இல்லாத பழம் இதில் இருப்பதால் அந்தப் பெருமிதம் நியாயமானதும்கூட. ஆனால் அதோடு ஒரு வரலாற்றுக் கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. முன்னொரு காலத்தில் எல்லா வீட்டிலும் பாட்டிமார் கைப்பட ஜெல்லி செய்தார்களாம். பிறகு ஆலைக்காரன் வந்து பொடியை அட்டைப்பெட்டியில் அடைத்தானாம். அடுக்களைக் கலை அழிந்ததாம். இப்போது நாம் அதை மீட்கிறோமாம். வேறு பல பண்டங்களுக்கு இந்தக் கதை பொருந்தலாம். ஜெல்லிக்குப் பொருந்தாது. சாதாரணக் குடும்பம் ஒன்று தன் அடுப்பில் பெர்ரி ஜெல்லி செய்யத் தொடங்கியதே ஆலைகளுக்குப் பிறகுதான், ஆலைகளால்தான்.

ஜெலட்டின் எப்படியிருக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. மிஞ்சிய ஆட்டுக்கால் சூப்பை மறுநாள் காலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் பாத்திரத்துக்குள் கட்டியாகி ஆடிக்கொண்டு நிற்குமே, அதுதான். எலும்பு, தோல், தசைநார் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதம் நெடுநேரம் வெந்து கரைந்தால் ஜெலட்டின். அதையே அழுக்கு நீக்காமல் காய்ச்சி வற்றவைத்தால் தச்சர்கள் பலகை ஒட்டிய வஜ்ஜிரம். தச்சுப் பட்டறைக்கும் விருந்து மேசைக்கும் நடுவில் இருந்தது சுத்தம் செய்யும் உழைப்பு ஒன்றுதான். அது எவ்வளவு என்பதற்கு 1747இல் லண்டனில் வெளியான ஹன்னா கிளாஸின் சமையல் நூலைப் பார்க்கலாம். இரண்டு கன்றுக்கால்களை ஒரு காலன் நீரில் போட்டு, கால் பங்காக வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். ஆறவைத்து, மேலே படிந்த கொழுப்பையும் அடியில் தங்கிய கசடையும் வழித்தெறிய வேண்டும். ஒயின், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, அடித்த முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மறுபடி கொதிக்கவிட்டால் வெள்ளைக்கரு திரண்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கம்பளித்துணிப் பையில் ஊற்றி, கண்ணாடிபோல் தெளியும்வரை திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். அடுப்பு நாள் முழுக்க எரியும். ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இத்தனைக்கும் அந்த நூல் வேலைக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஜெல்லி சாப்பிடுகிறவரும் ஜெல்லி செய்கிறவரும் ஒருவராக இருந்த பண்டம் அல்ல அது. கிளாஸின் குறிப்பில் மணத்துக்கு எலுமிச்சையும் ஒயினும்தான் வருகின்றன, பெர்ரி இல்லை என்பதையும் கவனிக்கலாம்.

பெர்ரி இல்லாததற்கு ருசி காரணமாக இருக்க முடியாது. காரணத்தைப் பருவத்தில் தேட வேண்டும். ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும் பழுப்பது கோடையில். ஜெலட்டின் இறுகுவது குளிரில். சுமார் 15 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் அது நன்றாகப் பிடிக்கும். 30 பாகையைத் தாண்டினால் இளகத் தொடங்கிவிடும். உடல் வெப்பத்தில் கரைவதால்தான் நாக்கில் வைத்ததும் வழுக்கிப் போகிறது. அதன் கவர்ச்சியும் பலவீனமும் அந்த ஒரு குணமே. ஆகவே பழம் இருக்கும் மாதத்தில் குளிர் இல்லை. குளிர் இருக்கும் மாதத்தில் பழம் இல்லை. இரண்டையும் சேர்த்துவைக்க முடிந்தவர்கள், குளிர்காலத்தில் ஏரியிலிருந்து வெட்டிய பனிக்கட்டியைத் தோட்டத்து நிலவறையில் கோடைவரை பாதுகாத்த பெருநிலக்காரர்கள். அவர்களுடைய மேசையில் ஸ்ட்ராபெர்ரி ஜெல்லி இருந்தது உண்மை. கன்றுக்கால் வாடை வேண்டாம் என்றால், ரஷ்ய நதிகளின் ஸ்டர்ஜன் மீன் காற்றுப்பையிலிருந்து செய்த விலையுயர்ந்த ஐசிங்கிளாஸை வாங்கவும் அவர்களுக்குக் கட்டுப்படியாயிற்று. கோட்டை கொத்தளம்போலச் செதுக்கிய செப்பு அச்சுகள், பல படிகளில் பல நிறங்கள் என்று அவர்கள் ஆடிய ஆட்டம் வேறு. சர்க்கரையும் சாதாரணக் குடும்பத்துக்கு எளிதில் எட்டவில்லை; பிரிட்டனில் அதன் மீதான இறக்குமதி வரி முழுதாக நீங்கியதே 1874இல்தான். பனிக்கட்டியின் அருமை சென்னைக்கும் தெரியும். பாஸ்டனின் ஃபிரடெரிக் டியூடர் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிய கட்டிகளைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். சென்னை வெயிலில் ஜெலட்டின் கரைசல் தானாக ஒருநாளும் உறையாது. உறைய வேண்டுமானால் அமெரிக்காவிலிருந்து குளிர் வர வேண்டியிருந்தது.

இந்தப் பணக்காரப் பண்டம் கீழே இறங்கிவந்த பாதையில் வேடிக்கை ஒன்று இருக்கிறது: அதைத் திறந்தவர்கள் இனிப்பை நினைக்கவே இல்லை. 1681இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் தன் ‘டைஜெஸ்டர்’ பற்றிய நூலை வெளியிட்டார். இன்றைய குக்கருக்கு அதுவே மூதாதை. எறியப்படும் எலும்பை நீராவி அழுத்தத்தில் வேகவைத்து உணவாக்குவதுதான் நோக்கம். மறு ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் அதில் சமைத்த விருந்தை உண்டார்கள். எலும்பு பாலாடைக்கட்டிபோல மிருதுவானதை ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் தார்சே என்ற வேதியியலாளர் எலும்பிலிருந்து பெருமளவில் ஜெலட்டின் எடுத்து மருத்துவமனைகளிலும் ஏழைகளுக்கும் இறைச்சிச் சூப்புக்குப் பதிலாக ஊற்றச் செய்தார். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிரெஞ்சு அறிவியல் கழகம் உடலியலாளர் மாஜெந்தி தலைமையில் அமைத்த குழு நாய்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்து, ஜெலட்டினை மட்டும் தின்று எந்த உயிரும் பிழைக்காது என்ற முடிவை 1841இல் அறிவித்தது. தர்மச் சோறாக ஜெலட்டின் தோற்றது. ஆனால் எலும்பையும் தோலையும் மலிவாக, வாடையில்லாமல், உலர்ந்த பொருளாக மாற்றும் வித்தை கைக்கு வந்துவிட்டது. ஏழையின் வயிற்றை நிரப்பக் கிளம்பியது, கடைசியில் நடுத்தர வர்க்கத்தின் சாப்பாட்டை முடித்துவைக்கும் இனிப்பானது.

அமெரிக்காவில் அந்த வித்தையைப் பிடித்தவர் நியூயார்க் வஜ்ஜிர ஆலை முதலாளி பீட்டர் கூப்பர். ‘டாம் தம்ப்’ நீராவி ரயில் என்ஜினைக் கட்டியவரும், 1876இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவரும் அவரே. வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற ஜெலட்டின் பொடிக்கு 1845இல் காப்புரிமை பெற்றார். பிறகு அதில் அக்கறை காட்டவில்லை. அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து காக்ஸ் நிறுவன ஜெலட்டின் கப்பலேறியது. 1890இல் நியூயார்க் மாநிலத்தின் ஜான்ஸ்டவுனில் சார்லஸ் நாக்ஸ் தொடங்கிய நிறுவனம், நெடுநேரம் ஊறவைக்க வேண்டிய தகடுகளுக்குப் பதிலாக அளந்து போடக்கூடிய குருணையை வீட்டு அடுக்களைக்குக் கொண்டுசேர்த்தது. ஜான்ஸ்டவுன் தோல் பதனிடுவதற்கும் கையுறைக்கும் பேர்போன வட்டாரம். ஜெலட்டின் ஆலை அங்கே முளைத்ததில் வியப்பில்லை. 1908இல் நாக்ஸ் இறந்த பின் அவர் மனைவி ரோஸ் நாக்ஸ் நிறுவனத்தை எடுத்து நடத்தினார். பெண் தொழிலாளர்களுக்கென்று இருந்த பின்வாசலை மூடி, எல்லாரும் முன்வாசலில் வரட்டும் என்று சொன்னதாக அவரைப் பற்றிய வரலாறுகள் எல்லாம் குறிப்பிடுகின்றன. இந்த வாதத்துக்கு முக்கியமானது வேறு: நிறுவனம் பொடியோடு சமையல் குறிப்புப் புத்தகங்களையும் விநியோகித்தது. வீட்டில் ஜெல்லி செய்யக் கற்றுக்கொடுத்த ஆசான் யார் என்று தேடினால் பாட்டியின் முகம் தெரியாது. ஜெலட்டின் விற்றவரின் முகம்தான் தெரியும். பொருளும் செய்முறையும் ஒரே வண்டியில் வந்து இறங்கின.

1897இல் நியூயார்க் மாநிலத்தின் லீராய் ஊரில் பேர்ல் வெயிட் என்ற தச்சர் ஜெலட்டினில் சர்க்கரையும் சாயமும் மணமும் கலந்தார். (வஜ்ஜிரத்தோடு பழகிய கை, பொருத்தம்தான்.) மனைவி மே அதற்கு ‘ஜெல்-ஓ’ என்று பெயர் வைத்தார். விற்கத் தெரியாமல் 1899இல் ஊர்க்காரர் ஆரேட்டர் உட்வர்டிடம் 450 டாலருக்குக் கைமாற்றிவிட்டார். உட்வர்ட் பத்திரிகை விளம்பரத்தில் பணத்தைக் கொட்டினார். 1902இல் விற்பனை 2,50,000 டாலரை எட்டியது. முதலில் வந்த நான்கு சுவைகளில் இரண்டு ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும். பழமே இல்லாத அந்தச் சிவப்புதான், ஜெல்லி என்றால் பெர்ரி என்ற எண்ணத்தைப் பத்து சென்ட் விலையில் வீடுதோறும் பதித்தது. கன்றுக்கால் ஜெல்லியின் ஒயின் மணம் பின்னுக்குப் போயிற்று. இன்று வீட்டில் உறைந்த ராஸ்பெர்ரியை வடிகட்டுகிறவர் பாக்கெட்டை எதிர்ப்பதாக நினைக்கலாம்; அவர் எட்டிப்பிடிக்க முயலும் நிறமும் ஆட்டமும் அந்தப் பாக்கெட் வரைந்த உருவம்தான். முட்டைக்கோஸையும் செலரியையும் ஜெலட்டினில் புதைத்த ‘பெர்ஃபெக்‌ஷன் சாலட்’ போன்ற விபரீதங்களும் அதே அலையில் வந்தன. அவற்றுக்காக வக்காலத்து வாங்கத் தேவையில்லை.

நிறம் வந்த பிறகும் பழம் வர முப்பது ஆண்டுகள் ஆயின. 1912 முதல் சில ஆண்டுகள் இன்றைய கனடாவின் லாப்ரடார் பகுதியில் தங்கிய கிளாரன்ஸ் பேர்ட்ஸை, கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைந்த மீன் பல மாதம் கழித்தும் புதுமை கெடாமல் இருப்பதை இன்யூட் மக்களிடம் கண்டார். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து திசுவைக் கிழிக்கும், விரைவாக உறைந்தால் படிகம் சிறிதாகும் என்பதே அதன் சூட்சுமம். அதை இயந்திரமாக்கி அவர் தொடங்கிய நிறுவனத்தை 1929இல் போஸ்டம் நிறுவனமும் கோல்ட்மேன் சாக்ஸும் சேர்ந்து 220 லட்சம் டாலர் மதிப்பில் வாங்கின. ஜெல்-ஓவை 1925இலேயே வாங்கியிருந்ததும் இதே போஸ்டம்; பேர்ட்ஸை நிறுவனம் சேர்ந்ததும் ஜெனரல் ஃபுட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1930 மார்ச் 6ஆம் தேதி மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் உறைந்த உணவுகள் முதன்முதலாகச் சில்லறைக்கு வந்தபோது இறைச்சி, மீன், பட்டாணியோடு பெர்ரிகளும் பெட்டியில் இருந்தன. ஜெல்லிப் பொடியும் உறைந்த பெர்ரியும் ஒரே முதலாளியின் இரண்டு கைகளிலிருந்து வந்தன என்றால், ‘வீட்டு ஜெல்லி’ எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இங்கே ஒரு சமையல் உண்மையும் துணைக்கு வருகிறது. புதுப் பழம் உயர்ந்தது, உறைந்த பழம் ஏதோ சமாளிப்பு என்ற எண்ணம் ஜெல்லி விஷயத்தில் தவறு. எவ்வளவு வேகமாக உறைந்தாலும் பெர்ரியின் மெல்லிய திசு ஓரளவு கிழியத்தான் செய்யும். அப்படியே தின்பவருக்கு அது குறை. சாறு வேண்டியவருக்கு அதுவே கொடை. உருகும்போதே பாதிச் சாறு இறங்கிவிடும், நிறமும் உடன் வரும். பெர்ரிக்கு இன்னொரு தகுதியும் உண்டு. பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருப்பதால் அவற்றின் சாற்றில் ஜெலட்டின் உறையவே உறையாது. உறையவைத்தாலும் அந்த நொதி சாகாது, வேகவைத்தால்தான் அடங்கும். பெர்ரியில் அந்தத் தொல்லை இல்லை. உறைபெட்டியும் ஜெலட்டினும் பெர்ரியும் ஒன்றுக்கொன்று செய்துவைத்ததுபோலப் பொருந்துகின்றன.

வீட்டு ஜெல்லி ஆலைகளால்தான் வந்தது என்ற வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. பழச் சாற்றில் ஜெல்லி செய்வது கிராமத்து வீடுகளில் காலங்காலமாக இருக்கிறதே என்பது முதல் மறுப்பு. இருக்கிறது, ஆனால் அது வேறு ஜெல்லி. ரெட்கரண்ட் போன்ற பழங்களின் சொந்தப் பெக்டின், சர்க்கரையோடும் புளிப்போடும் கொதித்து இறுகி, ரொட்டியில் தடவவும் இறைச்சியோடு தொட்டுக்கொள்ளவும் சீசாவில் ஆண்டு முழுக்க இருப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததால் வந்த குழப்பம் இது. அமெரிக்கர்கள் ஆடும் ஜெல்லியைக் கம்பெனிப் பெயராலேயே அழைக்கிறார்கள். இரண்டாவது மறுப்பு கனமானது. ரஷ்யக் குடியானவர் வீட்டில் பனிக்காலத்தில் மாட்டுக்காலைக் காய்ச்சி ‘ஹலதேத்ஸ்’ என்ற இறைச்சிக் கட்டி செய்தார்கள். அங்கே வேலைக்காரரும் இல்லை, ஆலையும் இல்லை. சரிதான். ஆனால் அதில் இறைச்சி வாடை இருக்கலாம், இருக்கவும் வேண்டும். வாடையைப் போக்கித் தெளிவாக்குவதில்தான் இனிப்பு ஜெல்லியின் செலவு முழுவதும் இருந்தது. அதே ரஷ்யர்கள் குளிரில் இயல்பாகவே உறைந்த கிரான்பெர்ரியை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? மாவுச்சத்துச் சேர்த்துக் கூழ்போன்ற ‘கிஸெல்’ காய்ச்சினார்கள். ஜெர்மனியின் வடக்கிலும் டென்மார்க்கிலும் சிவப்புப் பெர்ரிகளை நொய்யோ மாவோ சேர்த்துக் காய்ச்சினார்கள். பெர்ரியும் குளிரும் மாட்டுக்காலும் ஒரே வீட்டில் இருந்தும் மூன்றும் ஒரு பாத்திரத்தில் சேரவில்லை என்பது என் வாதத்தை வலுவாக்கவே செய்கிறது.

என் வாதத்தை உண்மையிலேயே வளைக்கும் மறுப்பு ஒன்றுதான்: அகர் அகர், நம் கடைகளில் சைனா கிராஸ். ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து கடற்பாசியைக் காய்ச்சிய கஞ்சியை மலையடிவாரக் கிராமங்களில் பனியில் பரப்புவார்கள். இரவில் உறைந்து பகலில் உருகி நீர் வடிந்து உலர்ந்த இழையாகும். உறைதலையே ஆயுதமாகக் கொண்ட கைத்தொழில் அது. ஆலை எதுவும் கிடையாது. ஜாவா வழியாக அந்தப் பழக்கம் டச்சுக் குடும்பங்களுக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த அறிமுகத்தால் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி ஜெர்மனியில் தன் வீட்டுப் பழ ஜெல்லியை அகரில் செய்தார். கோடையிலும் அது இளகவில்லை. நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் அவர் கணவர் பாக்டீரியா வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின் வெப்பத்தில் உருகிச் சோதனைகளைக் கெடுத்தபோது, 1881இல் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் ஃபேனிதான். நுண்ணுயிரியலில் இன்றுவரை அந்த அடுக்களை யோசனை நிலைத்திருக்கிறது. ஆகவே ஆலையில்லாத வீட்டு ஜெல்லி ஒன்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது வெப்பத்தைத் தாங்கும் வேறொரு ஜெல்லி, ஜெலட்டினின் வழித்தோன்றல் அல்ல. நமக்கு அது அந்நியமும் அல்ல. மன்னார் வளைகுடாவில் பாம்பன், ஏர்வாடி, கீழக்கரைப் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான் இந்திய அகருக்கு மூலப்பொருள். நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பால் சேர்த்துச் செய்யும் ‘கடல்பாசி’யும் இந்த வம்சம். ஜெலட்டின் வேண்டாதவர்கள் பெர்ரி ஜெல்லியை இதில் செய்யலாம். அகரைத் தனியாக நீரில் கொதிக்கவைத்துக் கரைத்த பிறகே சாற்றை ஊற்ற வேண்டும், புளிப்போடு சேர்ந்து நெடுநேரம் கொதித்தால் பிடிப்பு தளரும்.

இவ்வளவு தூரம் வம்சாவளி பார்ப்பது வீண் வேலை, ருசி இருந்தால் போதாதா என்று கேட்கலாம். வம்சாவளி தெரியாததால் வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. செர்பியா, போலந்து, சிலி என்று பல நாட்டுத் தோட்டங்களில் கையால் பறித்த பெர்ரிகள் ஓரிடத்தில் கொட்டிக் கலந்து, ஒரே பையில் அடைபட்டு உலகம் சுற்றுகின்றன. உறைநிலை வைரஸைக் கொல்லாது, பத்திரமாக வைத்திருக்கும். 2013, 2014 ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஹெப்படைட்டிஸ் ஏ மஞ்சள்காமாலை தாக்கியபோது விசாரணை போய் நின்ற இடம் உறைந்த கலப்புப் பெர்ரி. 2015இல் ஆஸ்திரேலியாவிலும் அதே கதை நடந்து, கடைகளிலிருந்து பைகளைத் திரும்பப் பெற்றார்கள். வீட்டுப் பண்டம் என்ற நம்பிக்கையில் பெர்ரியை வெறுமனே உருகவைத்து, அரைத்து, வெதுவெதுப்பான ஜெலட்டினில் கலக்கிறவர்கள் உண்டு. கொதித்தால் மணம் போய்விடும் என்பது அவர்கள் கட்சி. கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனாலும் அயர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளின் உணவுப் பாதுகாப்புத் துறைகள் இறக்குமதிப் பெர்ரிக்குச் சொல்லும் விதி ஒன்றே, சென்னை, கோவைக் கடைகளின் குளிர்பெட்டியிலிருந்து பையை எடுப்பவருக்கும் அது பொருந்தும்: பெர்ரியை முதலில் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள், ஜெலட்டினை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள்.